நூற்க மில் இல்லாத பருத்தி தேசம்: இதெல்லாம் தெரியுமா?

ஏக்கருக்கு ஏக்கர் கணக்குப் போட்டால் உலகத்திலேயே அதிகமாகப் பஞ்சு எடுக்கிற நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்பது எது தெரியுமா? இந்தியா இல்லை, அமெரிக்கா இல்லை, எகிப்தும் இல்லை. கங்காரு ஊரான ஆஸ்திரேலியா! அங்கே பாசனப் பருத்தியில் ஒரு ஹெக்டேருக்கு 2,000 கிலோவுக்கு மேல் பஞ்சு கிடைக்கிறது. கவனியுங்கள், கொட்டையோடு சேர்த்து இல்லை, அரைத்துப் பிரித்த வெறும் பஞ்சு. உலகச் சராசரி 800 கிலோவைத் தொடவே திணறுகிறது. நம் நாட்டுச் சராசரி 450 கிலோவை ஒட்டித்தான் பல வருடமாக நிற்கிறது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. இவ்வளவு விளைவிக்கிற நாட்டில் அதை நூலாக்கச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நூற்பாலை கிடையாது! விளைச்சலில் 99 சதவீதத்துக்கும் மேல் அப்படியே கப்பல் ஏறுகிறது. வியட்நாம், வங்கதேசம், இந்தோனேசியா, இந்தியா என்று போய் நூலாகி, துணியாகி, சட்டையாகித் திரும்பி வந்து மெல்பர்ன் கடையில் தொங்குகிறது.

பருத்தி விதை அந்தக் கண்டத்தில் கால் வைத்தது 1788-ல், கைதிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் கூட்டத்தோடு. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு வந்தபோது குயின்ஸ்லாந்தில் கொஞ்சம் சூடு பிடித்தது, பிறகு ஆறிவிட்டது. இன்றைய தொழில் பிறந்த வருடம் 1961. கலிபோர்னியாவிலிருந்து பால் கால், ஃபிராங்க் ஹாட்லி என்ற இரண்டு விவசாயிகள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நமோய் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். வீ வா என்ற சின்ன ஊரில் 65 ஏக்கர் போட்டுப் பார்த்தார்கள். ஏன் அந்த ஊர்? அதற்கு முந்தைய வருடம்தான் அந்த ஆற்றில் கீப்பிட் அணை கட்டி முடிந்திருந்தது. அணை வந்தது 1960, பருத்தி வந்தது 1961. கதை முழுக்க இந்த வரிசைதான், முதலில் தண்ணீர், அப்புறம் விதை.

(இடையில் ஒரு துணுக்கு. சுமார் 2,000 பேர் வாழும் இந்த வீ வாவில்தான், 2013-ல் பிரெஞ்சு இசைக்குழு டாஃப்ட் பங்க் தன் புது ஆல்பத்தை உலகத்துக்கே முதன்முதலாக வெளியிட்டது. ஊர் விவசாயக் கண்காட்சித் திடலில்! பாரிஸ் எங்கே, பருத்திக் காடு எங்கே!)

பட்டா தனி, தண்ணீர் தனி

நமக்கு நிலம் இருந்தால் கிணறு வெட்டலாம், ஆற்றோரமாக இருந்தால் மோட்டார் போடலாம். அங்கே அது நடக்காது. நிலத்துக்கு ஒரு பத்திரம், தண்ணீருக்குத் தனி உரிமம். நிலத்தை விற்காமல் தண்ணீரை மட்டும் விற்கலாம், இந்த வருடத்துத் தண்ணீரை மட்டும் வாடகைக்கு விடுவதுபோலக் கைமாற்றலாம். அணையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ‘உங்கள் உரிமத்தில் இந்த ஆண்டு இத்தனை சதவீதம்’ என்று அரசு அறிவிக்கும். சில வருடம் முழுசாகக் கிடைக்கும். சில வருடம் பூஜ்யம்! பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான், மனு கொடுத்தாலும் மந்திரியைப் பார்த்தாலும் அணையில் இல்லாதது வாய்க்காலில் வராது.

ஒரு ஹெக்டேர் பருத்திக்குப் பாசனமாக ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் லிட்டர் தேவை. கையில் இருக்கும் தண்ணீரை இந்த எண்ணால் வகுத்தால் விதைக்க வேண்டிய பரப்பு வந்துவிடும். மீதி நிலம் சும்மா கிடக்கும். அதனால்தான் அந்த நாட்டின் பருத்திக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 2011-12-ல் 50 லட்சம் பேலைத் தாண்டிய விளைச்சல், கடும் வறட்சி வந்த 2019-20-ல் சுமார் 6 லட்சம் பேல்! ஒரு பேல் என்பது அங்கே 227 கிலோ. இப்படி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியும் தொழில் செத்துப்போகவில்லை. மழை வந்ததும் இரண்டே வருடத்தில் பழையபடி 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பெரிய பண்ணை என்றால் எவ்வளவு பெரியது? குயின்ஸ்லாந்தின் தென்கோடியில் டிர்ரான்பாண்டி அருகே கப்பி ஸ்டேஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒரே பண்ணையின் சொந்தத் தேக்கங்களில் 50,000 கோடி லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். நம் கணக்கில் 17 டி.எம்.சி.-க்கும் மேல், கிட்டத்தட்ட ஐந்து செம்பரம்பாக்கம் ஏரி! தனியார் பண்ணைக்குள்! அதுவும் எல்லா வருடமும் நிரம்பாது, பெருவெள்ளம் வரும் வருடம்தான். கப்பியின் பெயர் அடிக்கடி செய்தியில் அடிபடுவதால் எல்லாமே இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பருத்தி போடுகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பமாக விவசாயம் செய்கிறவர்கள்தான்.

இந்தத் தேக்கங்கள் ஆழமில்லாதவை, மண்கரை எழுப்பிய பெரிய குளங்கள். வெயில் வருடத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதனால் உள்ளே கரை போட்டுப் பல அறைகளாகப் பிரித்து, தண்ணீர் குறையக் குறைய எல்லாவற்றையும் ஒரே அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். பரப்பு சுருங்கினால் ஆவியாவதும் குறையும் அல்லவா!

மண் எப்படி? நம் கோவில்பட்டி, விருதுநகர் ஆட்களைக் கொண்டுபோய் அங்கே இறக்கினால் சொந்த ஊர் என்றே சொல்வார்கள். அசல் கரிசல்! காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உப்பி வெடிப்பை மூடிக்கொண்டு தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும். தண்ணீர் உரிமம் இல்லாதவர்கள் மானாவாரியாகவும் போடுகிறார்கள். அதில் ஒரு தந்திரம்: வரிசைக்கு வரிசை விதைக்காமல் இடையிடையே வரிசைகளைக் காலியாக விட்டுவிடுவது. காலி வரிசையின் அடி ஈரத்தையும் பக்கத்துச் செடியின் வேர் தேடிப்போய்க் குடித்துக்கொள்ளும்.

உள்ளங்கையில் மடை திறக்கிற வித்தை

இவ்வளவு பெரிய தொழிலில் தண்ணீர் பாய்ச்சுவது எப்படி? கம்ப்யூட்டர், ரோபோ என்றுதானே நினைக்கிறீர்கள்? வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாய்!

வயலின் தலைமாட்டில் மேடாக ஒரு வாய்க்கால். அதிலிருந்து கீழே அரைக் கிலோமீட்டர், சில வயல்களில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சால் ஓடும். லேசர் கருவியால் நிலத்தைச் செதுக்கி, 1,500 அடிக்கு ஓரடி என்ற அளவில் சரிவு வைத்திருப்பார்கள். வேலையாள் நான்கு மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனையை வாய்க்காலுக்குள் முக்குவார். மறுமுனையை உள்ளங்கையால் அடைத்து முன்னும் பின்னும் இரண்டு இழுப்பு. குழாயில் தண்ணீர் நிறைந்ததும் கையை எடுக்காமல் கரைக்கு மேலாகக் கொண்டுவந்து சாலில் போட்டுக் கையை எடுத்தால், அவ்வளவுதான். தண்ணீர் தானாகக் கரையேறிக் குதித்து ஓடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, பெட்ரோல் டியூப் போட்டு உறிஞ்சுகிற அதே தத்துவம். பழகின கை சில நொடிக்கு ஒரு குழாய் வீதம் ‘ஸ்டார்ட்’ செய்துகொண்டே நடக்கும். பெரிய பண்ணையில் இப்படி ஆயிரக்கணக்கான குழாய்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பாதி மாற்றம் நடுராத்திரியில்தான் வரும். இந்த வேலைக்கு ஆள் கிடைக்காததால்தான் இப்போது குழாயே இல்லாத மதகு முறைக்கும், சக்கரத்தில் நகரும் தெளிப்பான்களுக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நம்மூரில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் நடக்கும். அங்கே கடைமடையில் வழிந்த தண்ணீர் பண்ணையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி! உரமும் மருந்தும் கலந்த நீர் ஆற்றில் சேர்ந்துவிடும் என்பதால், வழிந்ததை ஓடையில் பிடித்துப் பம்பு வைத்து மறுபடி தேக்கத்துக்கே ஏற்றிவிட வேண்டும்.

எப்போது தண்ணீர் விடுவது என்பதைச் செடியையே கேட்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? பருத்திச் செடிக்குப் பிடித்த இலைச் சூடு 28 டிகிரி. தண்ணீர் இருந்தால் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், தண்ணீர் குறைந்தால் சூடேறும். வயலில் நட்ட சென்சார் அந்தச் சூட்டை அளந்து விவசாயியின் செல்போனுக்கு அனுப்புகிறது. காய்ச்சல் கண்டால் பாசனம்!

ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில்

விதைப்புக்கும் வெப்பமானிதான் முகூர்த்தம் பார்க்கிறது. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண் 14 டிகிரியைத் தொட்டு, மேலும் ஏறும் அறிகுறி தெரிந்தால் விதைக்கலாம். அவர்களுக்கு வசந்தம் செப்டம்பர், அக்டோபர். அறுவடை மார்ச் முதல் மே, ஜூன் வரை.

வெண்டை, செம்பருத்தி, பருத்தி மூன்றும் பங்காளிகள் என்பது தெரியுமா? பூவைப் பார்த்தாலே சாடை தெரியும். ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1980-களில் வெண்டை இலைபோல ஆழமாகப் பிளந்த இலையுள்ள பருத்தி ரகத்தையே வெளியிட்டது. பெயர் சியோக்ரா! இலை பிளந்திருந்தால் வெளிச்சமும் மருந்தும் உள்ளே இறங்கும், பூச்சிக்கு ஒளிய இடம் குறையும். இன்று அந்த நாட்டில் போடப்படும் ஏறக்குறைய எல்லா ரகமும் இதே நிறுவனம் நராபிரை அருகே உருவாக்கியவைதான்.

பூ காலையில் வெள்ளையாக மலர்கிறது, மறுநாள் இளஞ்சிவப்பாகி வதங்கி உதிர்கிறது. மலர்ந்த அந்த ஒரு நாளிலேயே விதையின் தோலிலிருந்து நார்கள் முளைக்கத் தொடங்கிவிடும். ஒரு நார் என்பது ஒரே ஒரு செல், தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத செல் அல்ல, நம் விரலில் பிடித்து இழுக்கக்கூடிய, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல்! மூன்று வாரம் நீளத்தில் வளரும், பிறகு நாளொன்றுக்கு ஒரு படலமாக உள்பக்கம் செல்லுலோஸ் படியும். ஒரு விதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நார், ஒரு காயில் முப்பது விதைபோல. பெருக்கிப் பாருங்கள், ஒரு காய்க்குள் மூன்று லட்சம் நார்!

புழுவுக்குத் துவரை வைக்கிறார்கள்!

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்ட் ஆற்றுப் பாசனத்தில் 1960-களில் பருத்தி தொடங்கினார்கள். காய்ப்புழு வந்தது. மருந்து அடித்தார்கள். புழு பழகிக்கொண்டது. இன்னும் அடித்தார்கள். கடைசியில் மருந்துச் செலவு தாங்காமல் 1974-ல் மொத்தமாக மூட்டை கட்டினார்கள். ஒரு புழு ஒரு பாசனத் திட்டத்தின் பயிரையே விரட்டிவிட்டது!

மற்ற பகுதிகளிலும் 1990-களில் ஒரு பருவத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் மருந்தடித்தார்கள். 1996-ல் புழுவைக் கொல்லும் பி.டி. பருத்தி வந்தது. இன்று புழு மருந்து 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாகத் தொழில்துறையின் கணக்கு சொல்கிறது. ஆனால் மருந்துக்குப் பழகிய புழு பி.டி.-க்கும் பழகாதா? பழகும். அங்கேதான் துவரை வருகிறது. பி.டி. பருத்தி போடுகிறவர் பக்கத்திலேயே துவரை விதைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முன்பு 100 ஹெக்டேருக்கு 5 ஹெக்டேர், இப்போதைய ரகத்துக்கு அதில் பாதி. பருப்புக்காக இல்லை, புழு தின்று கொழுப்பதற்காக! மருந்தடிக்கக் கூடாது, களை எடுக்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், பருத்தி பூக்கும்போது துவரையும் பூத்துக் கவர்ச்சியாக இருக்க வேண்டும். போய்ச் சோதனையும் செய்கிறார்கள். ஏன் இந்த விருந்தோம்பல்? பி.டி.-யில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு அந்துப்பூச்சி தங்களுக்குள் இணைந்தால் அடுத்த தலைமுறை முழுக்க எதிர்ப்பு சக்தியோடு பிறக்கும். துவரையிலிருந்து கிளம்பும் ஆயிரக்கணக்கான சாதுப் பூச்சிகளோடு இணைந்தால், பிறக்கும் குட்டிகள் பி.டி.-யைத் தின்று சாகும்.

அறுவடை முடிந்த கையோடு மண்ணைக் கிளறி உள்ளே தூங்கும் கூட்டுப்புழுவை நசுக்குவதும் பல வருடம் கட்டாயமாக இருந்தது.

நம் நாட்டில்? 450 கிராம் பி.டி. விதைப் பையோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலம் கொடுத்தார்கள், ஓரத்தில் விதைக்கச் சொல்லி. எத்தனை பேர் விதைத்தார்கள் என்று எந்தப் பருத்திக் காட்டுக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. ரகத்துக்குப் பழகிவிட்டது என்பதை 2010-ல் அதைக் கொண்டுவந்த கம்பெனியே ஒப்புக்கொண்டது. விவசாயியை மட்டும் குறை சொல்ல முடியாது, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் புழுவுக்கு நிலம் ஒதுக்கச் சொன்னால் எங்கே போவார்?

புழு அடங்கினாலும் நிம்மதி இல்லை. பக்கத்துக் கோதுமைக்காரர் தரிசில் களைக்கு அடிக்கும் 2,4-டி காற்றில் கிலோமீட்டர் கணக்கில் மிதந்து வந்தாலே பருத்தி இலை சுருண்டுவிடும். மண்ணோடு பரவும் வாடல் நோய்க்குப் பயந்து, பண்ணைக்குள் வருகிற வண்டிச் சக்கரத்தையும் செருப்பையும் கழுவிவிட்டுத்தான் வரச் சொல்கிறார்கள்.

நடந்துகொண்டே உருளை சுற்றும் இயந்திரம்

காய் வெடித்ததும் இலை உதிர மருந்தடிப்பார்கள். பச்சை இலை பஞ்சில் கறை போடும் என்பதால் செடி மொட்டையாக வேண்டும். பிறகு வரும் இயந்திரம் ஆறு வரிசையை ஒரே நேரத்தில் எடுக்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கான சின்னக் கதிர்கள், முள்ளோடு, தண்ணீரில் நனைந்தபடி சுழல்கின்றன. பஞ்சு ஈரக் கதிரில் சுற்றிக்கொள்ளும், ரப்பர் தட்டு அதை உருவிவிடும், குழாய் உறிஞ்சிக்கொள்ளும். பின்பக்கம் அது உருளையாக இறுகி, மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றி, வண்டி நிற்காமலே வெளியே வரும். ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல், நாலு பேல் பஞ்சு தேறும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக இளஞ்சிவப்புச் சுற்று போட்ட உருளைகளும் உண்டு.

கை படாத பருத்தி என்பதால் தலைமுடி, சாக்கு நார், பீடித் துண்டு எதுவும் கலக்காது. கோவை, ராஜபாளையம் மில்காரர்கள் மெல்லிய நூல் எண்களுக்கு இந்தப் பஞ்சைத் தேடுவது அதனால்தான். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி விழுந்தபோது முதலில் குரல் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில் வருடத்துக்குச் சுமார் 51,000 டன் வரியில்லாமல் வரலாம் என்றானது. சரி, சுத்தமோ சுத்தம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. அந்த மஞ்சள் பிளாஸ்டிக் கிழிந்து, கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங்கில் கலந்துவிடுவதுதான் இப்போதைய புதுத் தலைவலி!

ஜின்னிங்கில் நாம் ரோலர் வைத்து அரைக்கிறோம், அவர்கள் ரம்பப் பல் சக்கரம். எடையில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் பஞ்சு, பாதிக்கு மேல் கொட்டை. கொட்டை மாட்டுக்கும் எண்ணெய்க்கும் போகிறது. ஒவ்வொரு பேலிலிருந்தும் பிடி பஞ்சு எடுத்து நிறம், நீளம், வலு பார்ப்பார்கள். ‘மைக்ரோனேர்’ என்று ஒரு சோதனை: குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்து அதன் வழியே காற்றை ஊதுவது. காற்று சுலபமாகப் போனால் நார் தடிப்பு, திணறினால் நார் மெலிவு. 3.5-க்கும் 4.9-க்கும் வெளியே போனால் விலையில் வெட்டு! விளையாத பருத்தியையே இரண்டு மூன்று வருடம் முன்னதாக, நியூயார்க் சந்தையின் சென்ட் விலையில் விற்றுவிடுகிறவர்களும் உண்டு. அணையில் தண்ணீர் வருமா என்று தெரியாமல் விற்கிறார்கள், நெஞ்சுரம்தான்!

2020 அக்டோபரில் மிகப் பெரிய வாடிக்கையாளரான சீனா, அரசியல் மனத்தாங்கலில், தன் மில்களிடம் ஆஸ்திரேலியப் பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சரக்கு அலுங்காமல் வியட்நாம் பக்கம் திரும்பியது. உலகச் சந்தையில் நல்ல பஞ்சு தெருவில் நின்றதில்லை.

இத்தனை ஆச்சரியத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் டார்லிங் ஆற்றில் மெனின்டீ பக்கம் லட்சக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. வறட்சி என்றது ஒரு தரப்பு, மேலே பருத்திக்காரர்கள் உறிஞ்சிவிட்டார்கள் என்றது மறு தரப்பு. ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் ஆராய்ந்து, வறட்சியை மட்டும் காரணம் சொல்ல முடியாது, ஆற்றில் விட வேண்டிய அளவு தண்ணீர் விடப்படவில்லை என்றது. பருத்தியைத் தடை செய்தால் ஆறு பிழைத்துவிடும் என்று அங்கேயும் சிலர் பேசுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. உரிமம் அப்படியே இருக்கும், அதே தண்ணீர் பாதாம் தோட்டத்துக்குப் போகும். பருத்தியையாவது தண்ணீர் இல்லாத வருடம் விதைக்காமல் விடலாம், பாதாம் மரத்துக்கு அந்த வருடமும் ஊற்றியே ஆக வேண்டும்! கை வைக்க வேண்டிய இடம் பயிர் இல்லை, ஆற்றிலிருந்து எடுக்கும் அளவும் அதைக் காட்டும் மீட்டரும்தான்.

உங்கள் சட்டைக் காலரில் உள்ள துண்டுச் சீட்டைப் பாருங்கள். தைத்த நாடு இருக்கும், விளைந்த நாடு இருக்காது. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, ‘இது எந்த ஊர்ப் பருத்தி, எந்த ஆற்றுத் தண்ணீர்?’ என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. நாலு பேர் கேட்டால் அவர் மில்லைக் கேட்பார்.